எடெலின் பதினாறு எழுத்து

எந்த அறைக்குள் போனாலும் வாசலைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியைத்தான் எடெல் பிடிப்பாள். அதில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுவாள். வந்த புதிதில் நான் அதைத் திமிர் என்று நினைத்து, "மகாராணிக்குத் தனி ஆசனம் போடணுமோ?" என்று கேட்டேவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "முதுகுக்குப் பின்னாடி கதவு இருந்தா எனக்குச் சோறு இறங்காது, மனாங் சியோன்" என்றாள். மனாங் என்றால் எங்கள் பக்கத்தில் அக்கா. அன்றிலிருந்து அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் நானே விரட்டினேன்.

எங்கள் வீடு என்று சொன்னால் அது என் வீடு இல்லை. இலோய்லோ நகரத்தில், புருஷன் கைக்குத் தப்பி வருகிற பெண்களை ஒளித்து வைக்கிற வீடு. எந்தத் தெரு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் தையல் வகுப்பு என்பார்கள். அடுப்படி என் பொறுப்பு. வீடு மனாங் பெர்லாவின் பொறுப்பு. அவர் போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்களிடம் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு. வந்தவர்களில் ஒருத்தி மனம் மாறிப் புருஷனிடம் திரும்பிப் போய்விட்டால், ஒரு வாரத்துக்குள் நாங்கள் மூட்டை கட்டி வேறு வீட்டுக்குப் போய்விடுவோம். போனவளைக் கேவலமாக நினைத்து அல்ல. தெரியாத விலாசத்தை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது, அவ்வளவுதான்.

எடெலும் அப்படித் தப்பி வந்தவள்தான். எடெல்வினா சுமகாய்சாய் என்பது முழுப் பெயர். நாற்பதைத் தாண்டியவள். கலிபோவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். புருஷன் ரெனான்டேவுக்குச் செல்போன் ரிப்பேர் கடை. அவன் கை ஓங்கியது குறைவு. அவன் அடித்த அடியெல்லாம் வேறு மாதிரி. எடெல் தன் தங்கைக்கு எழுதியதை, இரவுச் சாப்பாட்டின்போது வரி பிசகாமல் ஒப்பிப்பான். அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். முதலில் அம்மாவின் பிறந்த நாள், அப்புறம் ஊர்த் தேவாலயத் திருவிழா, அப்புறம் சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயர். ஒவ்வொன்றையும் அவன் திறந்தான். "உன் மண்டையிலேர்ந்து வர்றது எதுவும் எனக்குத் தெரியாம போகாதுடி" என்று மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே சொல்வானாம்.

அதனால் எடெலுக்கு ஒரே ஒரு ஆசை. தன் மண்டையிலிருந்து வராத ஒரு கடவுச்சொல் வேண்டும்.

எங்கள் வீட்டில் யாரோ தானமாகக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு, இலவசப் பாடங்களைப் படித்துப் படித்து அவள் அந்த நிரலை எழுதினாள். அதற்குப் பட்டன் கிடையாது, படம் கிடையாது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். நிரலின் பெயரைத் தட்டினால், "எத்தனை எழுத்து?" என்று கேட்கும். பதினாறு என்று அடித்தால், சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் எண்ணும் குறியுமாகக் கலந்து பதினாறை ஒரே வரியில் துப்பும். கேட்க எளிதாக இருக்கிறது. அவள் அதோடு பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒன்றும் சின்ன எல் எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் எடுத்தாள். பூஜ்யத்துக்கும் ஓ எழுத்துக்கும் அதே கதி. செல்போனில் தேடிப் பிடிக்க முடியாத குறிகளை எடுத்தாள். சில சமயம் எண்ணே இல்லாமல் வந்தது. ஏன் வராமல் போயிற்று என்று பார்க்க மறுபடி ஓட்டினால் வேறு ஏதோ வரும். தப்பைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியாமல் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு வழியாக முடித்துக் காட்டிய அன்று மனாங் பெர்லா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"இதுக்கா இத்தனை நாள்? ஒரு பூப்படம்கூட இல்லையேடி?"

"பூட்டுக்கு எதுக்கு மனாங் பூ?"

"எனக்கு எல்லாமே பெர்லா ஒன்னு ரெண்டு மூணுதான். இதை எங்க மனப்பாடம் பண்றது? வாயில நுழையுதா பாரு, சனியன்!"

மனப்பாடத்துக்கு எடெல் ஒரு வழி கண்டுபிடித்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் ஜெபமாலை சொல்ல உட்காருவோம் இல்லையா, அந்த மாலையின் ஒவ்வொரு மணியைத் தள்ளும்போதும் ஓர் எழுத்தாக மனசுக்குள் உருட்டச் சொன்னாள். "மாதா மன்னிப்பாங்களா?" என்று கேட்டேன். "மாதாவும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ராத்திரியோட ராத்திரியா ஓடினவங்கதானே, அவங்களுக்குப் புரியும்" என்றாள். அன்று சாயங்காலமே நானும் உருட்ட ஆரம்பித்தேன்.

புதிதாக ஒரு பெண் வந்தால், குளித்து, கஞ்சி குடித்து, அடுத்த வேலை இதுதான். எடெல் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பாள். புது மின்னஞ்சல், புதுக் கடவுச்சொல். அவள் தட்டும்போது அறையில் இருக்கிற எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். முடிந்ததும் அந்தக் கருப்புத் திரையை மூடிவிட வேண்டும், அடுத்தவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது. எங்களிடமும் கூடாது, எடெலிடமும் கூடாது, பாவமன்னிப்புக் கூண்டில் சாமியாரிடமும் கூடாது. ஆபத்து என்றால் எழுதுவதற்கு எடெலின் மின்னஞ்சல் விலாசத்தை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சொல்லும்போது எடெலின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும். ராத்திரி எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறவள், அந்த நிரலை எழுதியபிறகு பார்ப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்புறம் நோரிலின் போனாள். மியாகாவ் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, இருபத்து மூன்று வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புருஷன் எர்னிங் அழுதுகொண்டே போன் செய்தான். இனிமேல் குடிக்கமாட்டேன் என்று தேவாலயத்தில் சத்தியம் பண்ணினானாம். மனாங் பெர்லா எவ்வளவோ சொன்னார். நான் திட்டித் தீர்த்தேன். எடெல் மட்டும் குழந்தையின் துணிகளை மடித்துக் கொடுத்தாள். நோரிலின் போனாள், நாங்கள் வழக்கப்படி வீடு மாறினோம். புது வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் எழுதி, விலாசம் வாங்கி, எல்லாம் முடித்தவள் எடெல்.

புது வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் பெண் ஜெசிபெல். ஒல்லிக்குச்சி, ஆனால் வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஜெபமாலைக்கு எடெலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடுப்பில் கருவாட்டை வைத்துவிட்டு வந்து கடைசியில் உட்கார்ந்தேன். பாதி மாலை போயிருக்கும். ஜெசிபெலுக்குத் தூக்கம் சொக்கியது. தலை ஆடியது, ஆனால் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. மனசுக்குள் சொல்ல வேண்டியதை அவள் உதடு வெளியே சொல்லிக்கொண்டிருந்தது.

எடெலின் கையிலிருந்து மாலை விழுந்தது. அவள் எழுந்து நேரே அடுப்படிக்குப் போனாள். பின்னால் ஓடிப் பார்த்தால், மூலையில் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடி ஆச்சு?"

"அவ சொன்னா மனாங்... சின்ன கே, ஏழு, பெரிய ஆர், நட்சத்திரம்... அது என்னோடது."

"என்னோடதுன்னா?"

"என்னோட பாஸ்வேர்டு. முதல்லேர்ந்து ஒவ்வொண்ணா சொன்னா. நான் செத்தாலும் யாருக்கும் சொல்லாதது. ரெனான்டே அனுப்பியிருக்கான். கண்டுபிடிச்சுட்டான், மனாங், கண்டுபிடிச்சுட்டான்."

அவன் அப்படி அனுப்புகிறவன்தான். முன்பு ஒரு தடவை, எடெல் தங்கை வீட்டில் இருந்தபோது, சிநேகிதி வேஷத்தில் ஒருத்தியை அனுப்பி உளவு பார்த்தவன். கருவாடு தீய்ந்துபோன வாசனை வந்தபிறகுதான் நான் அடுப்பை அணைத்தேன். அன்று இரவு ஜெசிபெலை மனாங் பெர்லா தன் அறையில் படுக்க வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டார். எடெல் வாசலைப் பார்த்தபடி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் விசாரணை. மனாங் பெர்லா ஜெசிபெலைக் கம்ப்யூட்டர் அறையில் நிற்க வைத்தார்.

"யாரு உன்னை அனுப்பினா?"

"யாரும் அனுப்பல. என் புருஷன் பல்லை உடைச்சான், ஓடி வந்தேன். இதோ பாருங்க, இங்கதான் பல்லு இருந்துச்சு."

"எடெலோட பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு யாரோட பாஸ்வேர்டும் தெரியாது. என்னோடது மட்டும்தான் தெரியும்."

"சரி, உன்னோடது என்ன?"

ஜெசிபெல் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "சொல்லமாட்டேன். சாமியார் கேட்டாலும் சொல்லாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பையை எடு" என்றார் மனாங் பெர்லா. "ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடறேன். அங்க பேசுவே."

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயாடித்தனம் எல்லாம் எங்கே போயிற்றோ. "அந்த ஸ்டேஷன்ல என் புருஷனோட தம்பி இருக்கான் மனாங். என்னை அங்க விடறதும் அவன் கையில குடுக்கறதும் ஒண்ணுதான். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். நான் ஒண்ணும் திருடல. இந்த மெஷின்தான் குடுத்துச்சு, இதுதான்!"

"மெஷின் அப்படிக் குடுக்காது" என்று எடெல் சொன்னாள். குரலில் கோபம் இருந்தது. தன் கையால் செய்த பொருளைக் குறை சொன்னால் யாருக்கும் வரும் கோபம். "ஒரு தடவை வந்தது திரும்ப வராது. பிரபஞ்சமே அழிஞ்சாலும் வராது. இப்போ பாரு."

அவள் உட்கார்ந்து நிரலின் பெயரைத் தட்டினாள். நாங்கள் மூன்று பேரும், பழக்கதோஷம், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். குற்றவாளியும் திரும்பினாள், போலீஸும் திரும்பியது. பதினாறு என்று தட்டும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை.

பிறகு எடெல் மூடித் திறந்து மறுபடி தட்டினாள். மறுபடி மூடினாள், மறுபடி தட்டினாள்.

"திரும்பிப் பாருங்க" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

திரும்பினேன். கருப்புத் திரையில் ஒரு வரி; மூன்று தடவையும் வந்ததை அவள் காகிதத்தில் குறித்திருந்தாள், மூன்றும் அதே வரி. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது, சந்தையில் நடுத்தெருவில் பாவாடை அவிழ்ந்த மாதிரி.

"என்னோடது" என்றேன்.

"இல்லடி, அது என்னோடது" என்றார் மனாங் பெர்லா.

"நான் சொன்னேன்ல!" என்று ஜெசிபெல் தரையிலிருந்து கத்தினாள்.

எங்கள் எல்லோருடையதும் அதுதான். வீட்டிலிருந்த ஒவ்வொருத்தியுடையதும் அதுதான். மாதக்கணக்காக அத்தனை பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பதினாறு எழுத்தை மணிமணியாக உருட்டியிருக்கிறோம். யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கட்டுப்பாடே எங்கள் கண்ணைக் கட்டிவிட்டது.

எடெல் நிரலின் உள்ளே போய்ப் பார்த்தாள். மேலிருந்து கீழே வந்தவள் ஒரு வரியில் நின்று, அதன் மேல் விரலை வைத்தாள். அப்புறம்தான் எங்களுக்கு விளக்கினாள். கம்ப்யூட்டருக்குத் தானாகக் குலுக்கத் தெரியாதாம். ஆரம்பிக்க ஓர் எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து கணக்குப் போட்டுக் குலுக்கியது போலக் காட்டுமாம். அந்த எண்ணுக்கு விதை என்று பெயர். விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா? ஒரே விதை கொடுத்தால் ஒரே வரிசைதான் வரும். தப்பைப் பிடிப்பதற்காக, ஓட்டும்போதெல்லாம் அதே வரிசை வரட்டும் என்று அவளே ஒரு விதையை நிலையாக ஊன்றியிருக்கிறாள். வேலை முடிந்ததும் பிடுங்க மறந்துவிட்டாள். சோதிக்கும்போது மூடாமல் வரிசையாக நூறு எடுத்துப் பார்த்தாள், நூறும் வேறு வேறு. நாங்களோ ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடிவிடுவோம். மூடினால் ஆட்டம் முதலிலிருந்து. கலைக்காத சீட்டுக்கட்டில் ஒவ்வொருத்தியும் மேல் சீட்டை எடுத்திருக்கிறோம்.

"என்ன எண்ணு போட்டே?" என்று மனாங் பெர்லா கேட்டார்.

"நான் வீட்டை விட்டு வந்த தேதி" என்றாள் எடெல். "அவன் மொத முயற்சியிலேயே போடற தேதி. என் மண்டையிலேர்ந்துதான் வந்திருக்கு மனாங். கடைசியில என் மண்டையிலேர்ந்துதான் வந்திருக்கு."

அழக்கூட அவளுக்கு நேரமில்லை. அந்த வரியைப் பிடுங்கி எறிந்தாள். கம்ப்யூட்டருக்குள் நிமிஷத்துக்கு நிமிஷம் நடக்கிற ஆயிரம் குழப்பத்திலிருந்து விதையை எடுத்துக்கொள்ளச் சொல்லி வேறொரு வரி எழுதினாள். இந்தத் தடவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கை வலிக்கும்வரை சோதித்தாள். முதல் ஆளாக ஜெசிபெலை உட்கார வைத்தாள். மனாங் பெர்லா அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கிற ஜாதி இல்லை. ஆனால் பையைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தார். அப்புறம் எல்லோரும் வரிசையில் வந்தார்கள், மாற்றினார்கள். எடெல் கடைசியாகத் தன்னுடையதை மாற்றத் தன் மின்னஞ்சலைத் திறந்தாள்.

அங்கேதான் உண்மையான பயம் காத்திருந்தது.

"புதிய இடத்திலிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டது" என்று ஓர் எச்சரிக்கை மடல். வந்தது முந்தாநாள். இடம் மியாகாவ். எடெல் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள், ஆனால் அது ஏற்கெனவே படிக்கப்பட்டிருந்தது. திறந்தவரே அதையும் படித்திருக்கிறார். அதற்குக் கீழே வீட்டுக்காரர் அனுப்பிய மடல். தெரு, கதவு எண், பச்சை நிற கேட், எதிரே தண்ணீர் நிரப்பும் கடை, எல்லாம் அதில் இருந்தது.

"நோரிலின்" என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் மியாகாவில்?

"நோரிலின் இல்ல" என்றார் மனாங் பெர்லா. "எர்னிங். அடிச்சு வாங்கியிருப்பான். அவளோடதை வாங்கி, எல்லாருக்கும் போட்டுப் பார்த்திருப்பான்."

எர்னிங்கை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். நோரிலின் போன மறுநாள், அவளை ஒளித்து வைத்தவர்களைத் தேடி, பழைய வீட்டு வாசலில் மீன் வெட்டும் கத்தியோடு நின்றவன். போலீஸ் வந்து அழைத்துப் போயிற்று, மறுநாளே விட்டுவிட்டது. அவனுக்கு இந்த வீடு தெரிந்து இரண்டு நாள் ஆகிறது. இத்தனை நேரம் ஏன் வரவில்லை என்பது இன்னும் பயமாக இருந்தது.

மனாங் பெர்லா வேனுக்குப் போன் செய்தார். ஊரில் ஏதோ ஊர்வலம், சாலை அடைப்பு, வர மத்தியானத்துக்கு மேல் ஆகும் என்றான் ஓட்டுநர். நாங்கள் மூட்டை கட்டினோம். பெண்களையும் பிள்ளைகளையும் பின்னறையில் வைத்து, கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தன, தாய்மார்கள் வாயைப் பொத்தினார்கள். நான் கறி வெட்டும் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன். எத்தனையோ பன்றியை வெட்டிய கை அது. அன்றைக்கு அந்தக் கத்தியின் பிடி வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

எடெல் ஒவ்வொரு பெண்ணிடமும் போய், "நான்தான் காரணம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. "வாயை மூடு! பாவமன்னிப்பெல்லாம் வேன்ல ஏறினப்புறம் வச்சுக்கலாம்" என்று அதட்டினேன். அவள் மேல் கோபம் இல்லை. பயத்தை எங்கேயாவது கொட்ட வேண்டியிருந்தது.

வேன் சத்தம் வரவில்லை. கேட்டைத் தட்டும் சத்தம்தான் வந்தது.

மூன்று தட்டு. நின்றது. அப்புறம் தகரம் அதிர்கிற மாதிரி உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். பின்னறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்து உடனே அடங்கியது. மனாங் பெர்லா மரக்கட்டையோடு முன்னால் போனார். எடெல் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் பாக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"என் தப்பாலதான் இங்க வந்திருக்கான். மொதல்ல என்னைப் பாக்கட்டும்."

கதவுக்கு முதுகு காட்டவே பயப்படுகிறவள். காலை இழுத்து இழுத்துத்தான் முற்றத்தைத் தாண்டினாள். கேட்டுக்குக் கீழே இருந்த சந்தில் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பொம்பளைக் கால்" என்றாள். "ஒரு கால்ல நீலச் செருப்பு, ஒரு கால்ல சிவப்பு."

தாழ்ப்பாளைத் திறந்தாள்.

நோரிலின் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. ஒரு கண் முழுதாக மூடி வீங்கியிருந்தது, உதடு கிழிந்திருந்தது, வலது கையில் துண்டு சுற்றியிருந்தது. மனாங் பெர்லா அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்த் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க அவன்?"

"யாரும் இல்ல மனாங். விடிகாலையில அவன் கடலுக்குப் போனதும் கிளம்பிட்டேன். ஜீப்னி வண்டியில மாறி மாறி ஏறி வந்தேன்."

உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தோம். குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தேன். நோரிலினால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, வலது கையின் இரண்டு விரல்கள் ஒடிந்திருந்தன. நானே ஊட்டினேன். கேள்வி எல்லோருக்கும் வாய் வரை வந்தது, எடெல்தான் கேட்டாள்.

"வீடு எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

நோரிலின் தலையைக் குனிந்துகொண்டாள். "கோவிச்சுக்காதீங்க மனாங். உங்களுக்கு எழுதலாம்னு காசு போடற கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி கேட்டுச்சு. யாருக்கு எழுதணுமோ அவங்க விலாசம் மேல போடணும்னு நெனச்சேன். உங்களோடதைப் போட்டேன். கீழ என் பாஸ்வேர்டைப் போட்டேன். தொறந்துக்கிச்சு. பாத்தா எல்லாம் உங்க லெட்டர். நான் எதுவும் பண்ணலை, அதுவா தொறந்துக்கிச்சு."

ஜெசிபெல் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நான் முறைத்ததும் அடங்கினாள்.

"அப்போதான் புரிஞ்சுது, எனக்கும் உங்களுக்கும் ஒண்ணுதான்னு" என்றாள் நோரிலின். "உங்களுக்கே அதுன்னா எல்லாருக்கும் அதுதானோன்னு பயந்துட்டேன். கடையில நான் உக்காந்திருந்ததை யாரோ எர்னிங்கிட்ட சொல்லிட்டாங்க. யாருக்கு எழுதினே, பாஸ்வேர்டைச் சொல்லு, தொறந்து காட்டுன்னு கேட்டான். ராத்திரி பூரா கேட்டான்."

"சொன்னியா?" என்று மனாங் பெர்லா கேட்டார். கேட்டதும் அவரே அவள் கையைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னோடது மட்டும்னா மொத அடியிலயே சொல்லியிருப்பேன் மனாங்" என்றாள் நோரிலின். "எனக்கு அடி தாங்காது. உங்களுக்கே தெரியும். ஆனா அது எல்லாரோடதுமா இருந்துச்சே."

கரண்டி என் கையிலேயே நின்றது.

பெரியவர்களின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வது எங்களிடம் வழக்கம். சின்னவர்கள் பெரியவர்களுக்குச் செய்வது. எடெல் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள், இருபத்து மூன்று வயதுக்காரியின் அந்தத் துண்டு சுற்றிய கையை வலிக்காமல் இரண்டு கையாலும் ஏந்தி, தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வாசல் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இன்னும் திறந்தே கிடந்தது.

"ஐயோ, என்ன மனாங் இது? எனக்கென்ன வயசாச்சு?" என்று நோரிலின் கூச்சத்தில் நெளிந்தாள். கையை இழுக்கப் பார்த்தாள், எடெல் விடவில்லை.